எட்டு விளக்கும் எரிந்தன, பில் மட்டும் வரவில்லை

கும்பகோணத்தில் என் மாமாவுக்குப் பாத்திரக் கடை. முன்பக்கம் விற்பனை, நடுவில் கணக்கு அறை, பின்கட்டில் குடோன். இத்தனை நாளும் கணக்கு அறையில் ஒரே ஒரு கணினிதான் இருந்தது. அண்டாவை எடை போட்டு, துண்டுச்சீட்டில் எழுதி உள்ளே அனுப்பினால் பில் அச்சாகி வரும். ஆவணி முகூர்த்தம் நெருங்க நெருங்க அந்தச் சீட்டுகள் ஆணியில் குத்தி மலைபோல் சேர்ந்துவிடும். இந்த வருஷம் முன்பக்கத்தில் இரண்டு கவுண்ட்டர், குடோனில் ஒரு கணினி, எல்லாம் ஒரே கணக்கில் ஓட வேண்டும் என்று மாமா முடிவு செய்தார்.

பில் போடும் மென்பொருளை உள்ளூர்க்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தார். பல கணினிகளில் ஓடும் வசதி அதில் ஏற்கெனவே உண்டு. இணைத்துக் கொடுக்க 9,000 ரூபாய், வருவதற்கு இரண்டு வாரம் ஆகும் என்றார். மாமா என்னைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர்லதானே வேலை பாக்குற, இதைப் பண்ண மாட்டியா மாப்ளே?"

நான் மொபைல் செயலிகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். டேட்டாபேஸ் சர்வரை, அதாவது கணக்கையெல்லாம் சேமித்து மற்றக் கணினிகளுக்குக் கொடுக்கும் மென்பொருளை, நெட்வொர்க்கில் வைத்ததே இல்லை. ஆனாலும் "மூணு மணி நேரம் மாமா" என்று சொல்லிவிட்டேன். வெள்ளி மாலை தொடங்கியது ஞாயிறு மதியம் ஓட ஆரம்பித்தது, புதன்கிழமைதான் உண்மையிலேயே முடிந்தது.

கணக்கு அறைக் கணினியில் மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் சர்வரான எஸ்கியூஎல் சர்வர் 2019, இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பு. ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபிக்கு மேல் வளரக் கூடாது என்ற கட்டுப்பாடு இதற்கு உண்டு. மாமாவின் இத்தனை வருடப் பில்களும் சேர்ந்து ஒன்றே கால் ஜிபியைத் தாண்டவில்லை, அதனால் அந்தக் கவலை இல்லை. மென்பொருளின் இணைப்புக் கோப்பில் சர்வர் பெயர் இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி, பின்சாய்கோடு, எஸ்கியூஎல்எக்ஸ்பிரஸ் என்று இருந்தது. புள்ளி என்றால் 'இதே கணினி'. அங்கேயே திறந்து ஒரு பில் போட்டுப் பார்த்தேன், வந்தது. சர்வர் நன்றாக இருக்கிறது, இனி மற்றக் கணினிகளில் புள்ளிக்குப் பதிலாகக் கணினியின் பெயரைப் போட்டால் போதும் என்று நினைத்தேன்.

இரண்டாவது கவுண்ட்டரில் போட்டேன். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு 'எரர் 26' என்றது. அந்தப் பெயரில் சர்வரையே கண்டுபிடிக்க முடியவில்லையாம்.

அடுத்த இரண்டு மணி நேரம் நான் செய்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. பிங் அடித்தேன் (எதிர்க் கணினி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை), பதில் வந்தது. வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை முழுசாக அணைத்தேன், மாற்றமில்லை. மென்பொருளை எடுத்துவிட்டு மறுபடி நிறுவினேன். கணினிப் பெயரை மாற்றினேன், அதனால் பிரிண்டர் தகராறு செய்தது. சந்தேகம் வரும்போதெல்லாம் கணக்கு அறைக்கு ஓடி அங்கே பில் வருகிறதா என்று பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வந்தது. அதனால் பிழை கவுண்ட்டர் பக்கம்தான் என்று ஒவ்வொரு தடவையும் முடிவு செய்தேன்.

இரவு 11 மணிக்குத்தான் உறைத்தது. எக்ஸ்பிரஸ் பதிப்பைப் புதிதாக நிறுவினால், நெட்வொர்க்கில் பேசுவதற்கான டிசிபி/ஐபி வழி மூடியேதான் இருக்கும். அதே கணினியில் இருந்து கேட்கும்போது அது நெட்வொர்க் பக்கமே போவதில்லை; ஷேர்டு மெமரி என்று நினைவகத்துக்குள்ளேயே ஒரு குறுக்குவழியில் பேசிக்கொள்கிறது. கொல்லைப்புறமாக வீட்டுக்குள் நுழைந்துவிட்டு, வாசல் திறந்துதான் இருக்கிறது என்று அடித்துச் சொன்ன கதை. சர்வர் இருக்கும் கணினியிலேயே சோதிப்பதென்றால் சர்வர் பெயருக்கு முன்னால் 'டிசிபி' என்று எழுதி ஒரு முக்காற்புள்ளி வைக்க வேண்டும். அப்போதுதான் வாசல் வழியாகப் போகும். அப்படிப் போட்டதும் கணக்கு அறையிலேயே இணைப்பு அறுந்தது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த முதல் நல்ல செய்தி அதுதான்.

வழியைத் திறக்க, சர்வரின் அமைப்புகளை மாற்றும் கான்ஃபிகரேஷன் மேனேஜர் வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் அது கண்ணில் படவில்லை. ரன் பெட்டியில் 'எஸ்கியூஎல்சர்வர்மேனேஜர்15' என்று ஆங்கிலத்தில் ஒட்டி எழுதி, புள்ளி எம்எஸ்சி சேர்த்தால் வரும். 15 என்பது 2019 பதிப்புக்கு. 2022 வைத்திருப்பவர்களுக்கு 16. அதில் டிசிபி/ஐபியை 'எனேபிள்' செய்தேன். உள்ளே போனால் ஐபி1, ஐபி2 என்று நீளமான பட்டியல். அதில் சர்வரின் முகவரி எழுதியிருந்த பகுதியைத் தேடிப்பிடித்து, போர்ட் (சர்வரைத் தேடி வருபவர்கள் தட்ட வேண்டிய கதவு எண்) 1433 என்று போட்டு சர்வீஸை மறுபடி ஓட்டினேன். பலன் இல்லை. 'லிசன் ஆல்' என்பது 'யெஸ்' என்று இருந்தால் அந்தத் தனித்தனிப் பகுதிகளை அது சீண்டுவதே இல்லை. பட்டியலின் அடியில் 'ஐபி ஆல்' என்று ஒன்று இருக்கிறது, அங்கேதான் எழுத வேண்டும். அதில் 'டிசிபி டைனமிக் போர்ட்ஸ்' என்ற கட்டத்தைக் காலியாக்க வேண்டும். காலி என்றால் வெறுமை. 0 என்று விட்டால் 'நீயே ஏதாவது ஒரு எண்ணை எடுத்துக்கொள்' என்று அர்த்தமாகிவிடும். கீழே 'டிசிபி போர்ட்' கட்டத்தில் 1433.

மறுபடி சர்வீஸை ஓட்டிவிட்டு, இந்தத் தடவை புத்தி வந்து சர்வரின் பிழைப் பதிவான எரர் லாகைத் திறந்தேன். 'சர்வர் இஸ் லிசனிங் ஆன்' என்று ஒரு வரி, கடைசியில் 1433. அந்த ஒரு வரியை மாலை ஆறு மணிக்கே தேடியிருந்தால் இரவுச் சாப்பாடு சூடாகக் கிடைத்திருக்கும்.

மிச்சம் விறுவிறுவென்று போனது. ஃபயர்வாலைத் திரும்பவும் போட்டு, 1433க்கு மட்டும் உள்வரும் விதி ஒன்று எழுதினேன். கவுண்ட்டர் கணினியில் பவர்ஷெல்லைத் திறந்து டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளையை சர்வர் முகவரியும் போர்ட் எண்ணும் கொடுத்து ஓட்டினேன். கடைசி வரியில் 'ட்ரூ' வந்தது. இனி வழி இருக்கிறதா என்ற சந்தேகமே வேண்டாம். இணைப்புக் கோப்பில் முகவரிக்குப் பிறகு போர்ட்டை எழுத வேண்டும். பழக்கதோஷத்தில் முக்காற்புள்ளி வைத்தேன். எஸ்கியூஎல் சர்வருக்கு அங்கே காற்புள்ளிதான். அது கால் மணி நேரம். போர்ட் எண்ணையே கொடுத்துவிட்டால் பின்சாய்கோட்டுக்குப் பிறகு வரும் சர்வரின் தனிப்பெயர் தேவையே இல்லை, கொடுத்தாலும் கண்டுகொள்ளாது.

அடுத்து 18456, லாகின் தோல்வி. இந்தப் பிழையில் ஒரு குசும்பு உண்டு. என்ன காரணத்தால் தோற்றாலும் வெளியே இருப்பவனுக்கு ஒரே மாதிரிதான் சொல்லும். கடவுச்சொல் தவறா, ஆளே இல்லையா என்று காட்டிக்கொடுக்காது. உண்மைக் காரணம் சர்வரின் லாகில் மட்டும் இருக்கும். போய்ப் பார்த்தால், விண்டோஸ் அடையாளத்தில் வருபவர்களை மட்டுமே ஏற்பேன் என்று அமைப்பு இருக்கிறதாம். இரண்டு வகையையும் ஏற்கும்படி மாற்றி மறுபடி சர்வீஸை ஓட்டினேன். எல்லா உரிமையும் உள்ள எஸ்ஏ என்ற லாகினைத் தொடவில்லை. கவுண்ட்டர்களுக்கென்று தனி லாகின், படிக்கவும் எழுதவும் மட்டும் உரிமை.

இரவு 12:40க்கு இரண்டாவது கவுண்ட்டரில் இருந்து ஒரு சொம்புக்கு பில் போட்டேன். 640 கிராம்.

சனிக்கிழமை குடோன். வைஃபையே போதும் என்று மாமா சொல்லியிருந்தார். பழைய காலத்துச் சுவர், ஒன்றரை அடி கனம். அதைத் தாண்டினால் கூரை வரை அடுக்கிய பித்தளை. சிக்னல் ஒரு கோடு காட்டும், அதுவும் தவலை அடுக்கை யாராவது நகர்த்தினால் போய்விடும். ஒரு பொருளின் பெயரைத் தட்டினால் விலை வர ஐந்து விநாடி. கேபிள்தான் வழி.

டேப் பிடித்து அளந்தேன்: நடை மேல் பரண் ஓரமாகப் போய் குடோன் மேஜைக்கு இறங்க 22 மீட்டர். வளைவுக்கும் தப்புக்கும் சேர்த்து 30 மீட்டர் கேட்6 கேபிள், மீட்டர் 22 ரூபாய் வீதம் 660. கேபிளின் நுனியில் மாட்டும் ஆர்ஜே45 முனைகள் பத்து, 80. அவற்றை அமுக்கிப் பொருத்தும் கிரிம்ப்பிங் கருவி 480, கேபிள் டெஸ்ட்டர் 220, கணினிகளின் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் எட்டு வழி கிகாபிட் ஸ்விட்ச் 1,250, சுவரில் அடிக்கும் கிளிப் ஒரு பாக்கெட் 60. சுவரில் துளை போட பக்கத்துத் தச்சரிடம் டிரில் கடன் வாங்கினேன். 12 மில்லிமீட்டர் பிட் சுவரின் பாதியில் நின்றுவிட்டது, எதிர்ப்பக்கம் இருந்தும் போட வேண்டியிருந்தது. இரண்டு துளையும் ஒன்றையொன்று சந்தித்ததை என் வாழ்நாள் சாதனைகளில் சேர்க்கிறேன்.

கேபிளுக்குள் எட்டுக் கம்பி, நான்கு ஜோடி. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம், வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று பார்க்க லட்சணமாக அடுக்கி இரண்டு முனையையும் அமுக்கினேன். டெஸ்ட்டரில் சொருகினால் ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் வரிசையாக எரிந்தன, இரண்டு பக்கமும். மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "தீபாராதனை மாதிரி இருக்கே" என்றார்.

குடோன் கணினியில் வேகம் பார்த்தால் 1 ஜிபிபிஎஸ் வர வேண்டிய இடத்தில் 100 எம்பிபிஎஸ். ரௌட்டருக்கு நூறு பிங் அனுப்பினால் ஆறு காணாமல் போனது. ஆறுதானே என்று விட முடியாது. பில் பாதியில் நிற்க ஒன்று போதும்.

காரணம் அந்த லட்சணமான வரிசைதான். மூன்றாவது ஊசியும் ஆறாவது ஊசியும் ஒரே ஜோடியாக, முறுக்கிய இரட்டைக் கம்பியாக இருக்க வேண்டும். என் வரிசையில் மூன்று வெள்ளை-பச்சை, ஆறு நீலம். இரண்டும் வெவ்வேறு ஜோடி. கம்பிகளை முறுக்கி வைத்திருப்பதே ஒன்றின் இரைச்சல் மற்றதில் ஏறாமல் இருக்கத்தான். ஜோடி மாறினால் முறுக்குக்கு வேலையே இல்லை. இருநூறு ரூபாய் டெஸ்ட்டருக்கு இது தெரியாது. இந்த முனையின் ஒன்று அந்த முனையின் ஒன்றுக்குப் போகிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தப்பு செய்தால் எட்டு விளக்கும் எரியும்.

வெட்டி எறிந்துவிட்டு சரியான வரிசையில் மறுபடி போட்டேன்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கவில்லை. வெளித்தோலும் முனைக்குள் கொஞ்சம் போய்ப் பிடித்திருக்கும்படி அமுக்கினேன், இல்லாவிட்டால் இழுபட்டுக் கழன்றுவிடும். 1 ஜிபிபிஎஸ், நூறு பிங்கில் இழப்பு பூஜ்யம்.

இந்த உற்சாகத்தில் சர்வரையும் வைஃபையில் இருந்து எடுத்து, கடையில் வாங்கிய ரெடிமேட் கேபிளால் ஸ்விட்ச்சில் சேர்த்தேன். உடனே மொத்தமும் போயிற்று. ஒரு கணினியிலும் பில் இல்லை. வைஃபைக்கு ஒரு முகவரி, கம்பிக்கு ஒரு முகவரி என்று ரௌட்டர் கொடுத்திருந்ததால் சர்வரின் ஐபி மாறிவிட்டது. இது சட்டென்று புரிந்தது. ரௌட்டர் அமைப்பில் போய், கம்பி கார்டின் மேக் எண்ணுக்கு (அந்தக் கார்டின் அடையாள எண்) 192.168.1.50 என்று நிரந்தரமாக ஒதுக்கி, எல்லாக் கணினியிலும் அதையே எழுதினேன். அப்படியும் இல்லை. சர்வருக்குப் பிங்கே போகவில்லை.

பிங் போகவில்லை என்றதும் என் கை வேலை மேல்தான் சந்தேகம் போயிற்று. காலையில் ஒரு தடவை ஏமாந்தவன் அல்லவா. குடோன் கேபிளின் இரண்டு முனையையும் மறுபடி வெட்டினேன், மறுபடி அமுக்கினேன். ஒரு முனை சரியாக உட்காராமல் அதையும் வெட்டினேன். மூன்று ஆர்ஜே45 குப்பைக்குப் போனதுதான் மிச்சம். முதல் கவுண்ட்டரிலும் வரவில்லையே, அதன் கேபிளும் ரெடிமேட்தானே என்று யோசிக்க ஒரு டீ தேவைப்பட்டது.

விஷயம் இதுதான். கம்பியில் சேர்ந்தபோது விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு, மற்ற கணினிகள் இதைப் பார்க்கலாமா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தது. நான் படிக்காமலே 'நோ' தட்டியிருந்தேன். அதனால் அது 'பப்ளிக்' நெட்வொர்க் ஆகிவிட்டது. நான் எழுதிய ஃபயர்வால் விதியோ 'பிரைவேட்' நெட்வொர்க்குக்கு மட்டும். பிங்கையும் அதே காரணத்துக்காகத்தான் அடைத்திருந்தது. பிரைவேட் என்று மாற்றிய அடுத்த நொடி மூன்று கணினியும் பேசின. அப்படியே விதியில், உள்ளூர் நெட்வொர்க் முகவரிகளில் இருந்து வருவதை மட்டும் விடு என்றும் சேர்த்தேன்.

ஞாயிறு காலை கிளிப் அடித்து, ஸ்விட்ச்சை இரண்டாவது கவுண்ட்டருக்குக் கீழே வைத்து, பழைய பித்தளை மாற்றுக்கு ஒரு ஒத்திகை பில்லும் போட்டு முடித்தேன். ஆடிட்டர் அலுவலகப் பையன் தன் மடிக்கணினியை எக்ஸெலில் இருந்து நேராக இணைக்கப் பார்த்தான், சர்வரின் அடையாளச் சான்றிதழை நம்ப முடியாது என்று நின்றது. அவனிடம் இருந்தது, எக்ஸெலை டேட்டாபேஸோடு இணைக்கும் ஓடிபிசி டிரைவர் 18. அந்தப் பதிப்பிலிருந்து என்கிரிப்ஷன் (தகவலை மறைத்து அனுப்புவது) கட்டாயம் என்பதே இயல்பு நிலை. எங்கள் சர்வரில் இருப்பதோ அதுவே தனக்குப் போட்டுக்கொண்ட சான்றிதழ். 'சர்வர் சான்றிதழை நம்பு' என்ற கட்டத்தை டிக் செய்ததும் வந்தது. நான்கு சுவருக்குள் இது பரவாயில்லை.

நான்கு சுவருக்கு வெளியே என்று மாமாவுக்கு ஒரு ஆசை இருந்தது.

"வீட்ல இருந்து போன்ல பாக்குற மாதிரி பண்ணிடு."

ரௌட்டரில் 1433ஐ வெளியே திறந்துவிட்டால் ஐந்து நிமிட வேலை. செய்யவில்லை. 2003 ஜனவரி 25 அன்று ஸ்லாமர் என்ற, தானாகவே பரவும் கணினிப் புழு, இதே எஸ்கியூஎல் சர்வரின் துணைச் சேவையான 1434 போர்ட் வழியாகப் புகுந்தது. 376 பைட், நெட்வொர்க்கில் போகும் ஒரே ஒரு தகவல் பாக்கெட். பாதுகாப்பில்லாமல் இருந்த சர்வர்களில் பெரும்பாலானவற்றைப் பத்தே நிமிடத்தில் பிடித்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதற்கு ஆறு மாதம் முன்பே வந்திருந்தும் பலர் போட்டிருக்கவில்லை. ஓட்டை பழசு, திறந்த போர்ட்டைத் தேடி அலைகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எங்களுக்குப் போர்ட் எண் நிலையாக இருப்பதால் அந்த 1434 சேவையே தேவையில்லை, நிறுத்தியே வைத்திருக்கிறேன். மாமாவுக்கு ராத்திரி 9:30க்கு அன்றைய மொத்த விற்பனை மின்னஞ்சலில் போகும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். அரை மனதோடு சரி என்றார்.

திங்கள் போன் வந்தது. பில் போடும்போது நடுவில் ஒரு பிழை வருகிறது, திரும்ப அழுத்தினால் போய்விடுகிறது. செவ்வாயும் அதே. பிழை 'டிரான்ஸ்போர்ட் லெவல்' என்று தொடங்கியது. அதாவது இணைப்பு ஒரு தடவை கிடைத்து, நடுவில் அறுந்திருக்கிறது. மென்பொருள் பழைய இணைப்பைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பப் பயன்படுத்தும். அது செத்துப்போனது முதல் தடவை பேசிப் பார்க்கும்போதுதான் தெரியும், இரண்டாம் தடவை புதிதாகப் போட்டுக்கொள்ளும். கவுண்ட்டர் அக்காவை நேரம் குறித்து வைக்கச் சொன்னேன். 11:10, 12:40, 4:05. சர்வரின் நிகழ்வுப் பதிவில் அதே நேரங்களை ஒட்டி, நெட்வொர்க் கேபிள் துண்டிப்பு என்று இருந்தது. இரண்டு நிமிடத்தில் திரும்ப வந்துவிடும்.

புதன்கிழமை கவுண்ட்டர் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தேன். பதினொன்றரை மணிக்கு ஒரு சீர்வரிசை வியாபாரம் முடிந்தது. குடம், குத்துவிளக்கு, தாம்பாளம் எல்லாம் பெயர் வெட்டும் அண்ணனிடம் வந்தன. அவர் குனிந்தார், கவுண்ட்டருக்குக் கீழே கையை விட்டார், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்து ஸ்விட்ச்சின் அடாப்டரைப் பிடுங்கினார், தன் மெஷினைச் சொருகினார். கிர்ர்ர்ர் என்று குடத்தின் கழுத்தில் மணமகள் பெயர் ஏறியது. முடித்ததும் மெஷினை எடுத்துவிட்டு அடாப்டரைப் பத்திரமாகத் திரும்ப மாட்டினார்.

"அண்ணே, இதைக் கழட்டக் கூடாதுண்ணே."

"ரெண்டே நிமிஷம் தம்பி. வெட்டினதும் மாட்டிடுறேன்ல?"

அந்த இடம் பல வருடமாக அவர் மெஷினின் இடம். ஸ்விட்ச்தான் போன வாரம் வந்த விருந்தாளி. 350 ரூபாய்க்குப் புது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி ஸ்விட்ச்சை அதற்கு மாற்றினேன். மொத்தச் செலவு 3,100 ரூபாய், என் இரண்டு நாள் லீவு தனி. ஸ்விட்ச்சுக்கும் ரௌட்டருக்கும் சேர்த்து ஒரு சின்ன யுபிஎஸ் இன்னும் வாங்கவில்லை, தைக்குள் வாங்க வேண்டும். இன்னொரு கடைக்கு இதே வேலை என்றால் முதல் நாள் கேபிளையும் ரௌட்டரில் முகவரி ஒதுக்குவதையும் முடித்துவிட்டுத்தான் சர்வரைத் தொடுவேன்.

சாயங்காலம் கிளம்பும்போது கவுண்ட்டருக்குக் கீழே எட்டிப் பார்த்தேன். புது பாக்ஸின் ஒயரில் விரல் அளவுக்கு ஒரு பித்தளைத் தகடு கட்டித் தொங்கியது. அண்ணன் வேலைதான். குண்டு குண்டான எழுத்தில் 'கழட்டாதே' என்று வெட்டி, கோயில் குத்துவிளக்குக்குப் போடுவதுபோல் கீழே 'உபயம்' என்று என் பெயரையும் போட்டிருந்தார்.